திறந்த யன்னலும் சவரிமுத்து மாமாவும்

பித்தளைக்கு ஒரு ருசி உண்டு. பழைய செப்புக்காசை வாயில் போட்டு உறிஞ்சினால் வரும் ருசி என்று சொல்லலாம். ஆனால் டென்மார்க்கின் மேற்கு ஜூட்லாந்தில் உறைபனி மாரிகாலத்துக் கடற்காற்று அடிக்கும்போது அந்த ருசிக்கு முன்னால் ஒரு கடி வரும், ட்றம்பெற்றின் ஊதுவாய் உதட்டைக் கவ்விக்கொண்டு விடாது, பிடுங்கினால் தோலோடு வரும். அதனால் சிறுமியாக இருந்தபோது நான் அந்த ஊதுவாயைக் கழற்றிக் கம்பளிக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் தொடர்மாடியிலிருந்து நகரத்து இசைப் பள்ளிக்கு நடந்து போவேன். பத்தாம் வகுப்பு வாசலை மிதிக்காதவள் நான். வாசித்துப் படித்தது கொஞ்சம், ஊதிப் படித்ததுதான் மிச்சம். ஆனாலும் டென்மார்க்கில் ஜாஸ் ட்றம்பெற் ஊதிய முதல் தமிழ்ப் பெண் நான்தான். இரண்டாவது ஆள் யாரென்று கேட்காதீர்கள், இன்னும் வரவில்லை. எங்கள் ஆட்கள் இதைப் "புழுகு" என்பார்கள். உள்ளதைச் சொல்வது புழுகென்றால் நான் என்ன செய்ய?

இதை எழுத உட்கார வைத்தது அலுப்பு. டெனிஷ் வானொலிப் பிள்ளைகள் வந்தால் தலையைச் சரித்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா தடுத்தாரா, அடித்தாரா?" என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் அவர்களுடைய முகம் வாடிப்போகிறது. தமிழ்ச் சங்கத்து மலருக்கு என் பெயரில் கட்டுரையைத் தானே எழுதிக்கொண்டு வந்த தம்பியோ, தந்தையின் அரவணைப்பு, சமூகத்தின் ஊக்கம் என்று இரண்டு பக்கம் நிரப்பிவிட்டு, "அக்கா, நீங்கள் ஓம் எண்டு சொன்னால் போதும்" என்றான். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அடியும் இல்லை, அரவணைப்பும் இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகளின் வீம்பு இருந்தது. அந்த வீம்பில்தான் என் ட்றம்பெற் தப்பிப் பிழைத்தது.

அப்பா முதலில் வந்தார், அம்மாவும் நானும் பிறகு வந்தோம். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வலைக்காரர் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பன்னிரண்டு வயதில் ஒரு சொல் டெனிஷ் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், இசைப் பள்ளிக்காரர்கள் வந்து மேசைமேல் வாத்தியங்களைப் பரப்பி, விரும்பியதை எடுங்கள் என்று கையால் காட்டினார்கள். மற்றப் பெண்பிள்ளைகள் எல்லோரும் புல்லாங்குழலுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு வரிசையில் நிற்கிற குணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆளில்லாமல் கிடந்த ட்றம்பெற்றை எடுத்து ஊதினேன். எனக்கு முன்னால் அதை எடுத்த பொடியன்களுக்கு வயிறு ஊதிய மாடு மாதிரிச் சத்தம் வந்தது. எனக்கு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அங்கே என் ஆசிரியர் பிறெபன், தபாற்காரராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர், மூக்கு நுனியில் எப்போதும் ஒரு துளி தொங்கும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைக் கேட்டு அப்பாவுக்கு நெஞ்சடைத்தது. பிறெபனுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு டெனிஷ் வராது. அவர் ஊதுவார், நான் திருப்பி ஊதுவேன், அவர் "இகென்" என்பார். திரும்ப என்று பொருள். நான் கற்ற முதல் டெனிஷ் சொல் அது. தாளில் எழுதிய இசையை வாசிக்க எனக்கு இன்றும் சரியாக வராது, ஆனால் ஒருமுறை காதில் விழுந்தால் போதும். அவர் ஜாஸ் பைத்தியம். அதனால் நானும் ஜாஸ். சமையற்காரி என்ன வைத்தாளோ அதுதானே சாப்பாடு.

வீட்டில் ஊத அம்மா விடவில்லை. தொடர்மாடியின் நிலவறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான சலவை அறை ஒன்று இருந்தது. உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்கள் உருள, சவர்க்காரத் தூளின் வாசனைக்குள் நின்று ஊதுவேன். அந்த முற்றத்தைச் சுற்றி ஆறேழு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. டெனிஷ்காரர் ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. சொன்னவர் எதிர்க் கட்டடத்துச் சவரிமுத்து மாமா. எங்களுக்கு இரத்த உறவில்லை, ஊர்க்காரர் என்பதால் மாமா. கோயிலுக்குப் பொறுப்பு, கலியாணத்துக்குப் பொறுப்பு, பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர்.

"செபமாலை அண்ணை, குமர்ப்பிள்ளை கன்னத்தை ஊதிக்கொண்டு நிக்கிறது வடிவோ? வாய் கோணினால் ஆர் கட்டுவான்?" என்று படிக்கட்டில் வைத்து அப்பாவிடம் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அப்பாவின் எண்ணமும் அதுதான். எங்கள் ஊரில் பித்தளை ஊதுகிறவர்கள் "பாண்ட்" காரர். செத்தவீட்டில் சவப்பெட்டிக்கு முன்னால் போவார்கள், வேலை முடிந்ததும் சாராயம் கேட்பார்கள், எல்லோரும் ஆண்கள். நான் பெரிய பிள்ளையானதும் அப்பா முடிவைச் சொல்லிவிட்டார். "ஈஸ்டர் ஞாயிறு வரைக்கும் வைச்சிரு. அதோடை கொண்டுபோய்க் குடுத்திட வேணும். ஓமோ?" ட்றம்பெற் இசைப் பள்ளியின் இரவல். அதைத் திருப்பிக் கொடுத்தால் என் கதை முடிந்தது என்பது எனக்குத் தெரியும். பாஷை தெரியாத நாட்டில் எனக்கிருந்த வாய் அது ஒன்றுதான். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த மாரியில்தான் சவரிமுத்து மாமாவின் தகப்பன் வஸ்தியாம்பிள்ளை அப்பு இறந்துபோனார். எங்கள் ஆட்களில் அந்த நகரத்தில் விழுந்த முதல் சாவு. பெரிய மனிதர்கள் கூடினார்கள், பெட்டி பார்த்தார்கள், சுவாமியாருடன் கதைத்தார்கள். எல்லாம் ஒழுங்கான பிறகு ஒருவர், "அப்ப பாண்டுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டார். சவரிமுத்து மாமாவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. பாண்ட் இல்லாமல் சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, போவது அநாதைப் பிணம். டெனிஷ்காரரின் பாண்டோ கோடையில் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் போகிற பாண்ட், செத்தவீட்டுக்கு வராது. அடுத்த நாள் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணை, பிள்ளையை ஒருக்கா விடுங்கோ," என்றார் சவரிமுத்து மாமா. குரல் அடங்கிப்போயிருந்தது.

"வாய் கோணிப்போமெண்டு நீதானே சொன்னனி?" என்றார் அப்பா.

"ஒரு பாட்டிலை கோணாது."

செத்தவீட்டுக்காரருக்கு எப்படி இல்லை என்பது? அப்பா ஒப்புக்கொண்டார். மாமா போனதும் என் பக்கம் திரும்பி, "இதுதான் கடைசி. ஈஸ்டர் வரைக்கும் பாக்கத் தேவையில்லை. செத்தவீடு முடிய குடுத்திட்டு வா," என்றார். ஆக எனக்குக் கிடைத்த முதல் மேடையும் கடைசி மேடையும் ஒரு சேமக்காலை.

பெட்டி தூக்கும்போது ஊரில் பாடுகிற பாட்டை நான் சலவை அறையில் பழகிப் பழகி, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஊதுவேன் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். சேமக்காலைச் சிற்றாலயத்துக்குள் ஊதியபோது அது அருமையாக வந்தது; கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள், சவரிமுத்து மாமாவே தலையை ஆட்டினார். வினை வெளியில் காத்திருந்தது. குழிக்கரையில் சுவாமியார் டெனிஷில் செபித்தார், பிறகு லத்தீனில் செபித்தார், பிறகு எங்கள் ஆள் ஒருவர் தமிழில் நீட்டி நீட்டி வாசித்தார். ட்றம்பெற்றுக்குள் என் மூச்சின் ஈரம் இருந்தது. நிலமே இரும்பாக உறைந்துகிடந்த குளிரில் அந்த ஈரமும் உறைந்துவிட்டது. பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தொடங்கியதும் நான் ஊத எடுத்தேன். முதல் சுரம் வந்தது, இரண்டாவதற்கு விரலை அழுத்தினேன், மூன்று வால்வும் கல்லாக நின்றன.

வால்வு அசையாத ட்றம்பெற் பட்டாளத்து ஊதுகுழல் மாதிரி. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்தாறு சுரம் எடுக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பாட்டு அதற்குள் அடங்காது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் ஊதுவாயை எடுக்க வேண்டும் என்பது பிறெபனின் கட்டளை. நான் இருந்த சுரங்களை வைத்து இல்லாத சுரங்களைச் சுற்றிச் சுற்றிப் போனேன். அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் சனம், மெல்லிய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்த சனம், குளிர் தாங்காமல் கால்களை மாற்றி மாற்றி நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தொம், தொம். தொம், தொம். அத்தனை பேரும் ஒரே கதியில். நான் என்ன மரமா? தாளம் கேட்டால் உதடு போகத்தானே செய்யும். பாட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. அதற்கு ஏற்பக் கால்களும் இன்னும் பலமாக விழுந்தன. என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கற்பனை செய்து ஊதிய முதல் இசை அதுதான், சும்மா சொல்லவில்லை, இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் திறமான வாசிப்பு.

"அப்புவுக்குப் பைலாவோடி ஊதுறாய்!" என்று சவரிமுத்து மாமா குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். பைலா என்பது எங்கள் நாட்டில் கலியாண வீட்டில் வெறியேறிய பிறகு ஆடுகிற ஆட்டம்.

பிறகு கோப்பி குடிக்கக் கோயில் மண்டபத்தில் கூடியபோது, கடித்த பாண் துண்டைக் கையில் வைத்தபடியே அவர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"உன்ரை பெட்டை என்ரை அப்புவின்ரை செத்தவீட்டிலை சனத்தை ஆட வைச்சுப்போட்டாள்." அண்ணை போய், நீங்கள் போய், உன்ரை வந்துவிட்டது.

"குளிருக்கை விறைச்ச சாமானை ஊதினவள். நீ ஊதிக் காட்டு பாப்பம்," என்றார் அப்பா.

"நான் ஏன் ஊத வேணும்? நான் என்ன பாண்ட்காரனோ?"

"அப்ப என்ரை பிள்ளை பாண்ட்காரியோ? வீடு தேடி வந்து கேட்டனி!"

"கேட்டனான். பாட்டைக் கேட்டனான், கூத்தைக் கேக்கேல்லை. பிள்ளையை அடக்கி வளக்கத் தெரியாட்டில் பேசாமல் இரு. அந்தச் சாமானை இண்டைக்கே கொண்டுபோய்க் குடு."

இதை மாமா சொல்லாமல் விட்டிருந்தால், நான் அன்று மாலையே ட்றம்பெற்றைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அப்பாவின் வாயில் இருந்த வார்த்தையும் அதுதானே. ஆனால் அதைச் சவரிமுத்து சொல்லிவிட்டார். சவரிமுத்து சொன்னதைச் செய்வதிலும் பார்க்க அப்பா வடகடலில் குதித்துவிடுவார். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "கேள், சவரி. இனித்தான் இவள் ஊதுவாள். உன்ரை காதிலை விழ விழ ஊதுவாள்," என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்குச் சலவை அறை மறுக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் அப்பா எங்கள் முன்னறையின் யன்னலை அகலத் திறந்து, என்னை அதன் முன்னால் நிறுத்தி, எதிர்க் கட்டடத்தைப் பார்த்து, "ஊதடி" என்பார்.

"வீட்டுச் சூடெல்லாம் வெளியாலை போகுது," என்று அம்மா குசினியிலிருந்து கத்துவார்.

"போகட்டும்! ஊரும் குளிர் காயட்டும்!"

பனி முகத்தில் அடிக்கும். எனக்கு ஜாஸ் வேண்டும், அப்பாவுக்குச் சத்தம் வேண்டும். மெல்ல ஊதினால், "அவனுக்குக் கேக்காது" என்பார். சவரிமுத்து மாமா சும்மா இருப்பாரா? தன் யன்னலைத் திறந்து, கசெற் றெக்கோடரை அதன் விளிம்பில் வைத்து, சினிமாப் பாட்டை உச்சத்தில் விடுவார். நான் அந்தப் பாட்டுக்கு மேலால் ஏறி ஊதுவேன், அதன் சுருதிக்குள் புகுந்து புகுந்து வருவேன். இரண்டு கட்டடத்து மாடங்களிலும் நின்ற டெனிஷ்காரர் இது தமிழர்களின் சனிக்கிழமை வழிபாடு என்று நினைத்தார்களாம். ஒரு மூதாட்டி வாராவாரம் கை தட்டுவார். என் சத்தம் பெரிது, அகலமானது, மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை ஒலிபெருக்கி இல்லாமல் போகிறது என்று இன்று விபரம் தெரிந்தவர்கள் வியக்கிறார்கள், எந்த இசைக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மனுசனின் காதில் விழுத்துவதற்காக ஊதிய சத்தம் அது. சொன்னால் நம்புகிறார்களில்லை.

இந்த அநியாயம் சில வருடம் ஓடியது. ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டு, பன்றி வெட்டுகிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அங்கேயும் குளிர்தான், ஆனால் அங்கே ஒருவரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. அதற்குள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வேறொரு சங்கடம் வந்தது. வார இறுதியில் அவர்கள் "முந்நூற்றுநாலு" என்ற சீட்டு விளையாடுவார்கள், அதற்கு நான்கு கை வேண்டும். ஒரு குடும்பம் கோல்டிங்குக்கு வீடு மாறிப் போனதும் ஒரு கை குறைந்துவிட்டது. பேசாமல் இருந்த அப்பாவையும் மாமாவையும் ஒரு மேசையில் இருத்தாமல் விளையாட்டு நடக்காது என்ற நிலை. தேவதூதனே இறங்கி வந்திருந்தாலும் நடக்காத சமாதானம் ஒரு சீட்டுக்கட்டால் நடந்தது.

அப்பா சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார், "பிள்ளை, இனிப் போதும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்திடு."

எனக்கு விளங்கவில்லை. "எதை?"

"உந்தச் சாமானைத்தான். சவரியோடை சமாதானமாப் போச்சு. இனி ஏன் ஊத வேணும்?"

இத்தனை வருடம் பனியில் நின்று உதடு வெடிக்க ஊதியது அவருக்கு ஒரு வழக்கின் சாட்சி. வழக்கு முடிந்தது, சாட்சி வீட்டுக்குப் போகலாம்! எனக்கு வந்த கோபத்தில் கோப்பைகளை உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். "இது பள்ளிக்கூடத்தின்ரை இல்லை அப்பா. அதை எப்பவோ குடுத்திட்டன். இது என்ரை."

"ஆரைக் கேட்டு வாங்கினனி?"

"பண்டி வெட்டின காசு. ஆரைக் கேக்கிறது?"

அப்பா ட்றம்பெற்றைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். கத்தி வெட்டிய தழும்புகள் அப்போதே இருந்தன. பிறகு எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். "அப்ப யன்னலைப் பூட்டிப்போட்டு ஊது. சவரி பாவம், வேலையாலை வந்து படுக்கிறவன்."

அரவணைப்பு என்று எழுதிய தம்பிக்கு நான் கொடுக்கக்கூடியது இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் நானாக எடுத்தது. ஜாஸ் விடுதிகளுக்குப் பெட்டியோடு போனால், "பாடகியா? சேலை கட்டிக்கொண்டு பாடலாமே" என்றார்கள். பாட மாட்டேன், ஊதுவேன் என்றேன். யாருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்டவரும் உண்டு. அவருடைய குழுவின் ட்றம்பெற்காரனுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் அவன் வந்தபோது அவனுக்கு இடம் இல்லை. பகலில் பன்றி, மாலையில் ஜாஸ் என்று ஓடி, பிறகு எனக்கென்று ஒரு குழு கட்டினேன். நான்கு டெனிஷ்கார ஆண்கள், நான் கால் தட்டினால்தான் தொடங்குவார்கள். ஒஸ்லோவில் ஊதியிருக்கிறேன், ஹம்பேர்க்கில் ஊதியிருக்கிறேன். பட்டம் பெற்றவர்கள் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள், நானும் "இகென்" என்கிறேன்.

இப்போது ஹோர்சன்ஸில் இருக்கிறேன். ஹொல்ஸ்டெப்ரோத் தொடர்மாடிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். புதுப்பித்திருக்கிறார்கள்; யன்னல்கள் ஒரு சாணுக்கு மேல் திறபடாத வகை. சலவை அறையில் சைக்கிள்கள் நிற்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டன. என்னிடம் பழக வரும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பன் காரில் கொண்டுவந்து இறக்கி, வாசலில் நின்று படம் எடுத்து, "சூப்பர் குட்டி" என்கிறார்கள். பிள்ளைகள் டெனிஷில் "குளிருது" என்கிறார்கள். மூன்றாம் மாதம் காணாமல் போகிறார்கள். ஒரு பிள்ளையின் வீட்டிலாவது ஒருவர் எழும்பி, ஊதக்கூடாது என்று தடுத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

போன மாதம் சங்கத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசிய எல்லோரும் அப்போதே தெரியும் என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவில்லை. கடைசியாகச் சவரிமுத்து மாமா, கிழவர்கள் ஊன்றி நடக்கிற தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். மகனோடு கோல்டிங்கில் இருக்கிறார், காது மந்தம், குரல் மந்தமில்லை.

"இந்தப் பிள்ளையை முதல் முதல் சபையிலை ஊத வைச்சது ஆர்?" என்று ஒலிவாங்கியில் கேட்டார். "நான்! என்ரை அப்புவின்ரை செத்தவீட்டிலை! ஓமோ இல்லையோ எண்டு அவளையே கேளுங்கோ!"

மண்டபம் முழுதும் என் பக்கம் திரும்பியது. நான் என்ன சொல்ல? "ஓம்" என்று தலையாட்டினேன். எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

"நான் அண்டைக்கே சொன்னனான்..." என்று தொடங்கிய மாமா, அந்த இடத்தில் நிறுத்தினார். சபையில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் கதிரை பின்னால் விழ எழும்பி, "டேய் சவரி, பொய் சொல்லாமல் இறங்கடா" என்று கத்தியிருப்பார். ஒருவரும் எழும்பவில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவர், "சரி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.